சாராள் நகல் எடுத்த நாடகம்

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் சாராளின் முகம் தெரியாதவர்கள் உண்டு, அவள் கையெழுத்து தெரியாதவர்கள் கிடையாது. ஆலயத்து வாசல் பலகையில் ஞாயிறு வசனம் எழுதுவது அவள். ரேஷன் கார்டில் குழந்தை பேர் சேர்க்க மனு எழுதுவதும் அவள். நாசரேத்தில் பள்ளிப் படிப்பை முடித்ததும் அருள்தாஸைக் கட்டிக்கொண்டு எழுபத்தொன்பதில் இங்கே வந்தாள். அவர் தொழிற்சாலையில் வெல்டர். சாராள் எழுதிய பக்கத்தைத் தூரத்தில் பிடித்தால் அச்சடித்த தாள் என்றே தோன்றும். அடித்தல் இருக்காது, திருத்தல் இருக்காது. அதுதான் அவளுக்கு இருந்த ஒரே பெருமை.

அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் எண்பத்தைந்தில் இக்னேஷியஸ் வந்தார். அவர் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். அதைவிட முக்கியமாக, கீழ்வானம் நாடக மன்றத்துக்கு எல்லாமே அவர்தான். நாடகம் எழுதுவார், இயக்குவார், கதாநாயகனாகவும் நடிப்பார். சாப்பாட்டு இடைவேளையில் பழைய சரக்கு ரசீதுகளின் பின்பக்கத்தில் வேகமாக எழுதி, பிறகு ஒரு நீள நோட்டில் ஏற்றுவார். நோட்டிலிருந்து நடிகர்களுக்கு நகல் எழுத ஆள் வேண்டும். அவர் கையெழுத்தை அவராலேயே மறுநாள் படிக்க முடியாது.

நகல் என்றால் முழு நாடகம் இல்லை. அங்கேதான் இக்னேஷியஸின் சட்டம் வந்தது.

எண்பத்து மூன்றில் அவர் தன் நாடக நோட்டை நம்பி ஒரு நண்பரிடம் கொடுத்திருந்தார். மூன்றே மாதத்தில் அம்பத்தூர் பக்கத்தில் ஒரு குழு அதை வேறு பெயரில் மேடை ஏற்றிவிட்டது. கதாநாயகி பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள். இக்னேஷியஸ் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் போய்க் கேட்டதற்கு, கதை என்ன சார் கதை, எல்லாருக்கும் பொதுதானே என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் போனார். நீங்கள் எழுதியதற்கு என்ன அத்தாட்சி என்று வக்கீல் கேட்டார். நோட்டோ நண்பரிடமிருந்து திரும்பி வரவே இல்லை.

அன்றிலிருந்து யார் கைக்கும் முழு நாடகம் போகாது. ஒவ்வொரு நடிகருக்கும் அவரவர் பார்ட் மட்டும்தான். அவர் பேச வேண்டிய வசனம், அதற்கு மேலே முந்தைய ஆள் பேசி முடிக்கிற கடைசி இரண்டு சொற்கள், அவ்வளவே தாளில் இருக்கும். ஒருவர் பார்ட்டைத் திருடினாலும் நாடகத்தைத் திருட முடியாது. சாராளுக்கும் அதே சட்டம். நோட்டிலிருந்து பிரித்து, ஒரு நேரத்துக்கு ஒரு காட்சி. மறுநாள் தாள்களைத் திருப்பித் தந்தால்தான் அடுத்த காட்சி.

"நீங்க வாயைத் திறக்காத ஆளு தங்கச்சி. அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார்.

சாராள் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று முதல் அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு காட்சியை எழுதி முடித்ததும் அடுத்தது என்ன ஆகும் என்று யோசிப்பாள். அரிசி களைந்துகொண்டே அந்தப் பாத்திரங்களை அவளே பேசவிட்டுப் பார்ப்பாள். மறுநாள் நிஜக் காட்சி வந்தால், ஆண்கள் அவள் நினைத்த மாதிரியே பேசியிருப்பார்கள். பெண்கள் மட்டும் வேறு ஏதோ கிரகத்திலிருந்து வந்தவர்கள் போல 'நாதா' என்று ஆரம்பிப்பார்கள்.

முதல் மாற்றம் எண்பத்தாறில், தெரியாமல் நடந்தது. தாளில் எண்ணெய் சிந்தி ஒரு பெண் பாத்திரத்தின் வசனம் நாலு வரி அழிந்துவிட்டது. இக்னேஷியஸ் இரண்டாவது ஷிப்டில் இருந்தார். மறுநாள் ஒத்திகை. சாராள் அந்த இடத்தில் தனக்குத் தோன்றியதை இரண்டு வரியாக எழுதி வைத்தாள். மறுநாள் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒத்திகை நடந்த சமுதாயக் கூடத்துக்குப் போய் ஓரமாக நின்றாள். அந்த இரண்டு வரி வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். இக்னேஷியஸ் தொடையைத் தட்டிக்கொண்டு, இந்த இடம் விழும் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும் என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார். ஒத்திகையில் நோட்டைத் திறக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எழுதியவனுக்கு எதற்கு நோட்டு என்பார். சாராள் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு நடந்தது தெரிந்தே நடந்தது. அதில் புஷ்பாவுக்கும் பங்கு உண்டு. புஷ்பா பூந்தமல்லியிலிருந்து வருகிற நடிகை. பல குழுக்களுக்குப் பெண் வேஷம் கட்டுகிறவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால் சாராள் வீட்டுக்கு வந்து, பார்ட்டை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டே மனப்பாடம் செய்வாள். எண்பத்தொன்பதில், 'நாளை சாவி கொடுக்கணும்' என்ற நாடகத்துக்கு அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கே போவது என்று மனைவியைக் கேட்காமலே அவர் முடிவு செய்துவிடுகிறார். அதுதான் கதை. கடைசிக் காட்சியில் அவர், இது என் பேரில் அலாட் ஆன வீடு, நான் சொல்கிறபடி கிளம்பு என்கிறார். மனைவி அதற்கு ஒரு பக்கம் பதில் பேசுகிறாள்.

சாராள் அந்தப் பக்கத்தை வாசித்தாள். பாதியிலேயே புஷ்பா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னாக்கா இது? புருசன் ஊட்ட உட்டு கெளம்புன்றான், நானு நாதான்னு கூப்டுகினு நிப்பனா? எவளும் இப்டி பேச மாட்டா."

"வேற எப்படிப் பேசுவா?"

"அது எனக்குத் தெரில. ஆனா இப்டி பேச மாட்டா."

புஷ்பா போன பிறகு சாராள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலண்டர் ஆணி, கொசுவலை ஆணி, முதல் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய கொக்கி. எல்லாம் அவள் அடித்தவை. அருள்தாஸ் ஷிப்டு முடிந்து வருவதற்குள் அம்மிக் குழவியால் அடித்தவை. அவள் அந்த ஒரு பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, புஷ்பாவின் தாளில் ஒரே வரி எழுதினாள்.

"அலாட்மெண்ட் ஆர்டர்ல உங்க பேருதான். சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டை எல்லாம் என் பேரு."

ஒத்திகையில் இதையும் தான் எழுதியதாகவே இக்னேஷியஸ் எடுத்துக்கொண்டார். நாடகம் நடந்த அன்று அந்த வரிக்குக் கைதட்டல் வரவில்லை. கூடம் முழுக்க அமைதியானது. பிறகு பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அடுத்த ஆறு வருஷத்தில் அந்த நாடகம் அண்ணனூர் ரயில்வே காலனியிலும் அயனம்பாக்கத்திலும் அம்பத்தூரிலுமாக முப்பது தடவைக்கு மேல் நடந்தது. வீட்டுச் சண்டைகளில்கூடப் பெண்கள் ஆணி ஓட்டையை இழுத்தார்கள். அருள்தாஸிடமே ஒருமுறை ஸ்டோர்ஸில் ஒருவர், இக்னேஷியஸுக்கு மட்டும் பொம்பளை மனசு எப்படித் தெரிகிறது என்று வியந்து கேட்டாராம்.

தொண்ணூற்றைந்தில் தனியார் டிவிகள் பெருகி, தொடர்களுக்குக் கதை தேடி ஆட்கள் அலைந்த சமயம். வடபழனியில் தொடர் தயாரிக்கிற ஒரு கம்பெனியிலிருந்து ரகுநாதன் என்பவர் தொழிற்சாலை ஆண்டு விழாவில் நாடகத்தைப் பார்த்தார். சட்டம் படித்தவர். கதை வாங்குவதும் ஒப்பந்தம் எழுதுவதும் அவர் வேலை. இதைப் பதின்மூன்று வாரத் தொடராக எடுக்கலாம், மூலப் பிரதியைக் கொண்டுவாருங்கள் என்று இக்னேஷியஸிடம் சொன்னார். இக்னேஷியஸுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. பதினேழு நாடகம் எழுதியவர், ஒரு நோட்டீஸைத் தவிர வேறு எதிலும் தன் பேரை அச்சில் பார்த்ததில்லை. நீள நோட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வடபழனிக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்து ரகுநாதனிடமிருந்து கடிதம் வந்தது. நாங்கள் பார்த்த நாடகம் இந்த நோட்டில் இல்லை, ஆணி ஓட்டை வசனமும் இல்லை, மனைவி பேசுவதில் பெரும்பகுதி வேறாக இருக்கிறது, இதை எழுதியது யார் என்று தெரியாமல் வாங்க முடியாது என்று எழுதியிருந்தார். ஏற்கெனவே ஒரு தொடரை, கதை என்னுடையது என்று ஒருவர் வழக்குப் போட்டதால் பாதியில் நிறுத்தி கம்பெனி சூடுபட்டிருந்தது. பதினைந்து நாளில் விளக்கம் வராவிட்டால் வேறு கதை பார்க்கப் போவதாகவும் கடைசி வரியில் இருந்தது.

இக்னேஷியஸ் முதலில் நம்பவில்லை. பிறகு நோட்டைத் தானே படித்தார். எழுதிய பிறகு முதல் தடவை. புஷ்பாதான் மேடையில் சொந்தமாகச் சேர்த்துவிட்டாள் என்று நினைத்து அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். தாளில் இருந்ததைத்தான் பேசினேன் என்று அவள் சொல்லிவிட்டாள். எல்லாருடைய பார்ட்டையும் வாங்கி மேஜையில் பரப்பினார். ஆண்கள் பேசுகிற வசனம் நோட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. பெண்களின் பார்ட்டுகள் இரண்டாம் காட்சியிலிருந்தே விலகிப் போயின. எல்லாத் தாளிலும் ஒரே கையெழுத்து.

மறுநாள் சாயங்காலம் சாராள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார். திரு. இக்னேஷியஸ் அவர்களின் நாடகத்தை நகல் எடுக்கும்போது கவனக்குறைவால் சில வசனங்களை மாற்றி எழுதிவிட்டேன், அவற்றின்மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அதில் இருந்தது. கீழே அவள் பேர்.

"ஒரு கையெழுத்துதான் தங்கச்சி. வெள்ளிக்கிழமை வடபழனிக்கு வந்து அவங்க முன்னாடி போட்டாப் போதும்" என்றார். ஏன் மாற்றினாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்த மாதிரி சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

சாராள் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். உரிமை இல்லை என்கிற வரி அவளை ஒன்றும் செய்யவில்லை. உரிமை என்ற ஒன்று இருப்பதே இன்றுதான் தெரியும். 'கவனக்குறைவால்' என்ற சொல்லில்தான் கண் போய்ப் போய் நின்றது. கையெழுத்துப் போட்டால் இக்னேஷியஸ் அண்ணனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வந்த வாய்ப்பு நிலைக்கும். போடாவிட்டால் அது கைநழுவிப் போகும், அதற்கு அவள்தான் காரணம் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேசும். ஆனால் போட்டால், சாராள் தப்பாக எழுதுகிறவள் என்று ஆகும்.

அருள்தாஸ் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு அதிர்ச்சியைவிட வேடிக்கையாக இருந்தது.

"எங்க வேலையில ஒட்டு வச்ச இடத்தத் தேய்ச்சு விட்டுட்டா, எது பழைய இரும்பு, எது புதுசுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நீ பத்து வருசமா நல்லாத் தேய்ச்சு விட்டுருக்கே."

"கிண்டல் பண்ணாதீங்க. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

"அது தப்பா எழுதுனதா, தெரிஞ்சு எழுதுனதா? அதச் சொல்லு. மத்தத அப்புறம் பாப்போம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை புஷ்பா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். "யக்கா, அந்த மன்சன் என்னிய இன்னா கேள்வி கேட்டாரு தெரியுமா? நான் திருடின மாரி. நீ சொல்லப் போறியா, இல்ல நானே போட்டு ஒடைக்கட்டா?"

சாராள் அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, வேறு ஒன்று கேட்டாள். அன்றைக்கு நீ 'இப்படிப் பேச மாட்டா' என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன், அப்படியானால் அது உன்னுடையதா, என்னுடையதா என்று. புஷ்பா சிரித்தாள். "நல்லா இல்லன்னு சொல்றதுக்கு இன்னாக்கா உரிமை? நா தெனம் பத்து பேருகிட்ட சொல்றேன்."

சாராளுக்கு அந்தப் பதில் போதவில்லை. வெள்ளிக்கிழமை வடபழனிக்குப் பஸ் ஏறும்போது அந்தக் கேள்வியையும் கூடவே எடுத்துக்கொண்டு போனாள்.

கம்பெனி ஒரு மாடி வீட்டில் இருந்தது. ரகுநாதன் முப்பது வயதுக்காரர், மெலிந்த ஆள். மேஜையில் ஒரு பக்கம் நீள நோட்டு, ஒரு பக்கம் சாராள் எழுதிய பார்ட்டுகள். இக்னேஷியஸ் டைப் அடித்த தாளை எடுத்து நடுவில் வைத்தார். ரகுநாதன் படித்துவிட்டு, பேனாவைச் சாராள் பக்கம் தள்ளாமல் அவளைப் பார்த்தார்.

"ஒரு வரி, ரெண்டு வரின்னா கவனக்குறைவு. இதுல நாப்பத்து மூணு இடம் இருக்கும்மா. எல்லாம் பொம்பளைங்க பேசற இடம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் சாராளுக்கு ஒன்றல்ல, நாலைந்து கேள்வி ஒன்றாக வந்தது. நகல் எழுதியவளுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று முதலில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார் ரகுநாதன். எழுத்து மாறாமல் ஆயிரம் பக்கம் எழுதினாலும் அது நகல்தான், அழகாக எழுதியதற்குச் சட்டம் எதுவும் தராது. அப்படியானால் அண்ணன் கதையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாமா என்றாள். கரு யாருக்கும் சொந்தமில்லை, குவார்ட்டர்ஸ் காலி செய்கிற கதையை நாளைக்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதப்பட்ட சொற்களுக்குத்தான் உரிமை என்றார். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்து வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் அழகாக எழுதியது கணக்கில் இல்லை. பயந்து பயந்து மறைத்த நாற்பத்து மூன்று இடம்தான் கணக்கில் வருகிறது.

"ஒருத்தி, நான் இப்படிப் பேச மாட்டேன்னு சொன்னா. அதனாலதான் நான் மாத்தி எழுதுனேன். அவளுக்கு?"

ரகுநாதன் கொஞ்சம் யோசித்தார். "சட்டத்துல இல்ல. எழுதினவங்களுக்குத்தான்."

"அது சரியில்லையே" என்றாள் சாராள்.

"இருக்கலாம். ஆனா அப்படித்தான் இருக்கு" என்றார் அவர். பிறகு பேனாவை மேஜையில் வைத்தார். "இப்ப நீங்க சொல்லுங்க."

சாராள் இக்னேஷியஸ் பக்கம் திரும்பினாள். அவர் நோட்டின் அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உரிமை வேண்டாம்னு எழுதித் தரச் சொல்லுங்க, தாறேன். எனக்குப் பேரு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆனா கவனக்குறைவுன்னு எழுதித் தர முடியாது. ஒவ்வொரு வரியும் யோசிச்சு எழுதுனது. உங்ககிட்டச் சொல்லாம எழுதுனது என் தப்பு. எழுதுனது தப்பு இல்ல."

ரகுநாதன்தான் பேசினார். உரிமையை எழுதிக் கொடுக்கலாம், விற்கலாம், ஆனால் எழுதியது இவர்தான் என்பதை எழுதிக் கொடுத்து மாற்ற முடியாது என்றார். கம்பெனிக்கு வேண்டியது ஒன்றுதான். எழுதியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் என்றால் இரண்டு பேர். இல்லையென்றால் இந்தக் கதை வேண்டாம்.

இக்னேஷியஸ் எழுந்து வெளியே போனார். சாராள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்ப வரமாட்டார், தனியாகத்தான் பஸ் பிடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் எல்லா பிளாக்குக்கும் போய்விடும் என்று நினைத்தாள். அருள்தாஸ் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாயிற்று.

கால் மணி நேரம் கழித்து அவர் வந்தார். முகம் கழுவியிருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. உட்கார்ந்ததும் ரகுநாதனிடம் சொன்னார்:

"எம்பத்து மூணுல என் நாடகத்தை இன்னொருத்தன் பேர்ல பாத்தேன் சார். அன்னிக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு எறங்கல." நோட்டை ரகுநாதன் பக்கம் தள்ளிவிட்டு, "ரெண்டு பேரும்னே போடுங்க" என்றார்.

புதிதாக டைப் அடித்து வர ஒரு மணி நேரம் ஆனது. எழுதியவர்கள் என்ற இடத்தில் இக்னேஷியஸ் முதலில் போட்டார். சாராள் இரண்டாவதாகப் போட்டாள். தொழில் என்ற இடத்தில் அவளுக்கு என்ன எழுதுவது என்று டைப்பிஸ்டு கேட்டார். 'நாடக ஆசிரியர்னு அடிங்க' என்று இக்னேஷியஸ் எரிச்சலோடு சொன்னார். அடித்தார்கள். தொடரின் ஆரம்பத்தில் பேர் வரும்போது புஷ்பாவுக்கு நன்றி என்று ஒரு கார்டு போட வேண்டும் என்று சாராள் கேட்டாள். அதை ஒப்பந்தத்தில் எழுத முடியாது, ஆனால் போட்டுவிடலாம் என்றார் ரகுநாதன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த சீட்டு கிடைத்தது. கோயம்பேடு தாண்டியும் இக்னேஷியஸ் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கோபமாக இருப்பதாகச் சாராள் நினைத்தாள். இருக்கத்தான் வேண்டும், பத்து வருஷம் ஏமாற்றியிருக்கிறோமே என்றும் நினைத்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து ஆட்கள் ஏறி, பஸ் நெரிசலானது. அந்தச் சத்தத்தில் அவர் திரும்பிக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. பொம்பளைங்க வசனத்தை எல்லாம் மாத்திட்டீங்க. ஆம்பளைங்க வசனத்துல ஒரு எழுத்தைக்கூடத் தொடலியே. ஏன்?"

சாராள் சிரித்துவிட்டாள். அவள் அதை யோசித்ததே இல்லை. நோட்டிலிருந்து கைக்கு வந்த அந்த வரிகளை நினைத்துப் பார்த்தாள். சாவியைத் திரும்பத் திரும்ப எண்ணுகிற கிழவர், வீட்டில் ஒரு பேச்சும் ஆபீஸில் ஒரு பேச்சும் பேசுகிற மகன், தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற எதிர்வீட்டுக்காரர்.

"அதுல கைவைக்க எடமே இல்லண்ணே. எங்க வீட்டு ஆம்பளைங்க பேசுறத ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டு எழுதுன மாதிரியே இருந்துச்சு. நான் எழுதியிருந்தா அப்படி வராது."

இக்னேஷியஸ் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. உண்மையா, ஆறுதலா என்று அவள் முகத்தில் தேடினார். பஸ் திருமுல்லைவாயில் நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அவர் மஞ்சள் பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த சில சரக்கு ரசீதுகளை எடுத்தார். பின்பக்கம் முழுக்க அவருடைய கோழிக் கிறுக்கல்.

"புதுசு. மூணு காட்சி இருக்கு" என்று எல்லாவற்றையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தார். "மொத்தமாப் படிங்க. படிச்சுட்டு, எந்த எடத்துல அவ இப்படிப் பேச மாட்டான்னு தோணுதோ, எங்கிட்டச் சொல்லிட்டு மாத்துங்க."

சாராள் முதல் தாளை விரித்தாள். முதல் சொல்லே படிக்க முடியவில்லை. முன்சீட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தாளை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்து, அது என்னவாக இருக்கும் என்று பார்க்க ஆரம்பித்தாள்.